ராக்குக்கும் ஃபங்குக்கும் நடுவில் சுவர் எழுப்பியது யார்?

1971 நவம்பர் மாதம் இரண்டு எல்பி இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. ஒன்றுக்குப் பெயரே கிடையாது. அட்டையில் குழுவின் பெயரும் இல்லை. ஒட்டிய காகிதம் உரிந்துபோன ஒரு பழைய சுவர், அதில் மாட்டிய ஒரு படம், படத்துக்குள் முதுகில் சுள்ளிக்கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் தாடிக்காரக் கிழவர். அவ்வளவுதான். இங்கிலாந்தின் ராக் குழுவான லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் என்பதால் ரசிகர்களே 'லெட் செப்பலின் 4' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு தட்டுக்குப் பெயர் இருந்தது: 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்', கலவரம் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்லை ஸ்டோன் தலைமையிலான அமெரிக்கக் குழு 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' போட்டது. அதே பெயரில் ஒரு பாட்டும் அட்டையில் அச்சாகியிருந்தது. அதன் நீளம் 0 நிமிடம், 0 விநாடி.

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஸ்லையின் ஆல்பம் முதலிடம் வரை போனது. செப்பலின் ஆல்பம் இரண்டாமிடம் வரை. அதாவது அன்றைக்கு ஒரே பட்டியலில் தோளோடு தோள் உரசி நின்ற தட்டுகள் இவை. இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும், எந்தச் செயலியைத் திறந்தாலும், முதலாவது 'கிளாசிக் ராக்' அலமாரியில் இருக்கும், இரண்டாவது 'ஃபங்க்' அலமாரியில் இருக்கும். முன்னதைக் கேட்பவர் பின்னதைத் தொடுவதே இல்லை. இந்தப் பிரிவினை இசைக்கலைஞர்கள் செய்ததல்ல என்பதுதான் என் கட்சி. எழுபதுகளின் நல்ல ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே சரக்கை மாற்றி மாற்றிக் கடன் வாங்கியது தெரியும். சில சமயம் அனுமதி கேட்காமலேயே எடுத்துக்கொண்டதும் தெரியும்.

அந்த இரண்டு நவம்பர் தட்டுகளில் டிரம்ஸ் எப்படிப் பதிவானது என்பதிலிருந்து தொடங்கலாம்.

செப்பலின் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. இது அவர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டு அல்ல. 1927இல் மிஸிஸிப்பி ஆறு கரையுடைத்து ஊர்களை மூழ்கடித்தது. கறுப்பினத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்திக் கரை கட்ட வைத்தார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த புளூஸ் அது. நாற்பத்து சொச்சம் ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் லெட் செப்பலின் அதைக் கையில் எடுத்தது. ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி அது. வெளியே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டி நிற்கிறது. உள்ளே, மாடிப்படிகள் சுற்றி ஏறும் கூடத்தின் தரையில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸ். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைப்பதுதான் வழக்கம். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் அப்படிச் செய்யாமல் மேலே மாடியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். அடி விழுந்த சத்தமும் கூடம் திருப்பித் தந்த சத்தமும் சேர்ந்தே டேப்பில் ஏறின. மலை நடந்து வருகிற மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் மிகையாகத் தோன்றாது.

ஸ்லை ஸ்டோன் இதற்கு நேர் எதிர். குழுவின் டிரம்மர் கிரெக் எரிக்கோ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். ஸ்லை ஆள் தேடி அலையவில்லை, 'ரிதம் கிங்' என்ற பெட்டியை எடுத்தார். வீட்டிலும் ஓட்டல் மூலையிலும் தனியாக ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணைக்குத் தாளம் போடச் செய்த பெட்டி அது. சாம்பா, வால்ட்ஸ் என்று பொத்தான்கள் இருக்கும், அமுக்கினால் 'டிக் டிக்' என்று ஓடும். அந்தப் பெட்டியின் சத்தத்தை அடியில் ஓடவிட்டு, பெரும்பாலும் தானே ஒவ்வொரு வாத்தியமாக மேலே அடுக்கினார். பாபி வோமாக், பில்லி பிரஸ்டன் போன்றவர்கள் வந்து போனார்கள். ஒரே டேப்பில் திரும்பத் திரும்பப் பதிந்து, பிடிக்காததை அழித்து, மறுபடி பதிந்து, டேப் தேய்ந்தே போனது. காந்தப் பூச்சு உரசி உரசி உதிரும்போது முதலில் போவது கூர்மையான மேல் ஒலிகள். மீதமிருப்பது போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மங்கலாக ஒலிக்கும். அந்த ஆல்பத்தின் மங்கல் அப்படி வந்தது. அதிலிருந்து வந்த 'ஃபேமிலி அஃபேர்' முதலிடத்தைப் பிடித்தது. டிரம் மெஷின் ஒலித்த முதல் நம்பர் ஒன் பாட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒருவர் கூடத்தையே வாத்தியமாக்கினார், இன்னொருவர் கூடமே இல்லாமல் செய்தார். ஆனால் இரண்டிலும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை. தாளம்தான்.

சரி, ஃபங்க் என்றால் என்ன? நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். ராக் அண்ட் ரோலிலும் பழைய சோல் பாட்டுகளிலும் கை தட்டத் தோன்றும் இடம் இரண்டும் நான்கும். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960களின் பின்பாதியில் அந்த எடையைத் தூக்கி ஒன்றில் வைத்தார். 'தி ஒன்' என்றே அதற்குப் பெயர். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சமம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ போய்க் கணக்கு போட்டு, கோர்வை முடிந்து சமத்தில் வந்து விழும்போது சபை நிமிர்ந்து உட்காருகிறது இல்லையா, அந்த இடம். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அது நெடும்பயணத்துக்குப் பிறகு வீடு சேர்வது. ஃபங்கில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை வீடு சேர வேண்டும். நடுவில் என்ன சேட்டை வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்றில் எல்லோரும் ஆஜராக வேண்டும். 1970இல், 18 வயதில், பிரவுனின் குழுவில் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிக்க வந்தவர் பூட்ஸி காலின்ஸ். பிரவுன் தனக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவர் பின்னாளில் சொன்னதும் இதைத்தான்: ஒன்றை மட்டும் கொடுத்துவிடு, மீதியில் உன் இஷ்டம்.

இதனால் நடந்த மாற்றம் பெரிது. ஒரே கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரக்கூட்டில், பாட்டு நிமிடக்கணக்காக நிற்க ஆரம்பித்தது. கிட்டார் மெட்டு வாசிப்பதை விட்டுவிட்டுத் தட்டுவாத்தியம் ஆனது. பித்தளை ஊதல்கள் குத்துக்குத்தாய் வந்து போயின. ஸ்லை குழுவின் பேஸ் கலைஞர் லாரி கிரகாமோ பேஸ் கிட்டாரையே டிரம்ஸாக்கிவிட்டார். இளைஞராக இருந்தபோது அவர் தன் அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டார் வாசித்தபடியே காலால் ஆர்கனின் பேஸ் மிதிகளை மிதிப்பார். ஆர்கன் கெட்டுப்போகவே, தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு டிரம்மரும் இல்லாமல் போக, கட்டைவிரலால் தந்தியை அடித்து அதைப் பெரிய டிரம்மாகவும், இன்னொரு விரலால் சுண்டி அதைக் கூர்மையாக ஒலிக்கும் 'ஸ்நேர்' டிரம்மாகவும் ஆக்கிக்கொண்டார். இன்று உலகம் முழுக்க 'ஸ்லாப்' என்று சொல்லிக்கொடுக்கும் வாசிப்பு, ஆள் பற்றாக்குறையில் பிறந்தது.

இனி ஒரு வாத்தியத்தின் கதை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் சுவையான பகுதியே இதுதான்.

ஜெர்மனியின் டிராஸிங்கன் ஊரில் ஹோனர் என்ற நிறுவனம். மவுத் ஆர்கனுக்கும் அக்கார்டியனுக்கும் பெயர் போனது. அங்கே எர்ன்ஸ்ட் சகாரியாஸ் என்ற பொறியாளர், பழங்கால ஐரோப்பிய விசைப்பலகையான கிளாவிகார்டை மின்சாரத்தில் கொண்டுவர நினைத்து 'கிளாவினெட்'டை உருவாக்கினார். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாக் வாசிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி. கட்டையை அமுக்கினால் கீழே ஒரு ரப்பர் முனை தந்தியைப் பிடித்து ஓர் உலோகத் துண்டின் மேல் 'டக்' என்று அடிக்கும். விரலை எடுத்தால் நூல் சுற்று தந்தியை அடக்கிவிடும். இந்த 'டக்'தான் கதையை மாற்றியது. பார்ப்பதற்குக் கீபோர்டு, தந்தி இருப்பதால் பாதி கிட்டார், அடிப்பதால் பாதி டிரம்ஸ்.

அது ஸ்டீவி வண்டர் கைக்கு வந்தது. சிறுவயதிலிருந்தே மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர், 1971 மே மாதம் 21 வயதானதும் பழைய ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். திரும்பப் போய்க் கையெழுத்துப் போட்டபோது, என்ன பதிவது, எப்படிப் பதிவது என்ற உரிமை அவரிடம் இருந்தது. மால்கம் சீசில், ராபர்ட் மார்கோலெஃப் என்ற இருவர் ஓர் அறையையே அடைக்கும் அளவுக்கு இணைத்துக் கட்டியிருந்த 'டாண்டோ' என்ற சிந்தசைசரோடு, அதாவது மின்னணு ஒலிக்கருவியோடு, உட்கார்ந்தார். 1972இல் வந்த 'டாக்கிங் புக்' ஆல்பத்தில் 'சூப்பர்ஸ்டிஷன்' இருக்கிறது. முதலில் டிரம்ஸ், அதை வாசிப்பவரும் ஸ்டீவிதான். பிறகு கிளாவினெட் உள்ளே வருகிறது, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். பாட்டு முழுக்க அந்த ஒரு ரிஃப்தான், திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்குதான், பேசுகிறது. அசல் ராக் ரிஃப் மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் ஸ்டுடியோவில் கூடவே இருந்தார். பாட்டும் அவருக்கென்று பேசப்பட்டதுதான். மோட்டவுன் விடவில்லை. ஸ்டீவியின் பதிவே முதலில் வந்து 1973 தொடக்கத்தில் முதலிடம் பிடித்தது. ஜெஃப் பெக் பிறகு தன் குழுவோடு ஒரு பதிவு போட்டார், ஆனால் பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது.

பாட்டு பதிவான இடம் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோ. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தனக்காகக் கட்டி, 1970 ஆகஸ்ட் மாதம் திறந்து, அடுத்த மாதமே இறந்துபோனார். கறுப்பர் ஒருவர் ராக் இசைக்காகக் கட்டிய அறை அது. அதற்குள் இரண்டு பக்கத்துக்காரர்களும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கிளாவினெட் ஸ்டீவியோடு நிற்கவில்லை. செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் 1975இல் வந்த 'பிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பத்தில் 'டிராம்பிள்ட் அண்டர் ஃபுட்' பாட்டுக்கு அதை எடுத்தார். 'சூப்பர்ஸ்டிஷன்' தந்த தூண்டுதல் என்பதை அவர் மறைத்ததில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே 'ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி'யில் 'தி கிரஞ்ச்' என்று ஜேம்ஸ் பிரவுனை நையாண்டி கலந்து வணங்கும் ஒரு பாட்டைப் போட்டிருந்தார்கள். ஆனால் தாளம் ஒன்பது எண்ணிக்கையில் நொண்டுகிறது, ஆட முடியாது! கடைசியில் பாடகர் ராபர்ட் பிளாண்ட் பாட்டின் 'பிரிட்ஜ்' (நடுவில் மெட்டு மாறும் பகுதி) எங்கே என்று தேடிக்கொண்டே முடிக்கிறார். பிரிட்ஜுக்குப் போகலாமா என்று மேடையில் கேட்பது பிரவுனின் வழக்கம். அந்தக் காலத்து ராக் ரசிகர்கள் பலர் இந்தப் பாட்டைக் குப்பை என்றார்கள். எனக்குப் பிடிக்கும். பெரிய மனிதர்கள் கூச்சமில்லாமல் வேறொருவரைப் போல ஆடிப் பார்ப்பது எப்போதும் வேடிக்கைதான்.

கடன் எதிர்ப்பக்கமும் போயிருக்கிறது. இங்கிலாந்தின் ராக் பாடகர் டேவிட் போவி 1975 ஜனவரியில் அதே எலெக்ட்ரிக் லேடியில், ஜான் லெனனையும் வைத்துக்கொண்டு 'ஃபேம்' பாட்டைப் பதிவுசெய்தார். கிட்டார் ரிஃப் கார்லோஸ் அலோமருடையது. அலோமர் முன்பு கொஞ்ச காலம் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்தவர். பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜேம்ஸ் பிரவுன் 'ஹாட்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். ரிஃப் அப்படியே 'ஃபேம்'. ஃபங்கைப் பெற்றெடுத்தவர் லண்டன்காரரிடமிருந்து தன் சரக்கையே திரும்ப எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினையை முழுசாகப் புரிந்துகொண்டு அதில் விளையாடியவர் ஃபங்க் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன். ஏறத்தாழ ஒரே ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டு பெயரில், இரண்டு நிறுவனங்களில் ஆல்பம் போட்டார். ஊதல், கூட்டுக்குரல், நடனம் என்றால் 'பார்லிமென்ட்'. கிட்டார், போதை, இருட்டு என்றால் 'ஃபங்கடெலிக்'. 1971 ஜூலையில் வந்த ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெயின்' ஆல்பம் பத்து நிமிட கிட்டார் ஆலாபனையோடு தொடங்குகிறது. உன் அம்மா செத்துப்போனதாகச் செய்தி வந்தால் எப்படி இருக்கும், அப்படி வாசி என்று கிளின்டன் சொல்ல, கிட்டார் கலைஞர் எடி ஹேசல் வாசித்தார். கேட்டுவிட்டு மற்ற வாத்தியங்களின் சத்தத்தை ஏறக்குறையக் கரைத்தே விட்டார் கிளின்டன். அந்த ஆண்டு வந்த எந்த ராக் கிட்டார் தனிக்கும் இது குறைந்ததில்லை என்பேன். ஆனால் ராக் வானொலி நிலையங்கள் செப்பலினுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட இதற்குக் கொடுத்ததில்லை. 1978இல் வந்த இன்னொரு ஃபங்கடெலிக் பாட்டின் தலைப்பே, ஃபங்க் குழுவால் ராக் வாசிக்க முடியாது என்று சொன்னது யார் என்று கேட்கிறது. கோபமும் சிரிப்பும் பாதிக்குப் பாதி.

இசைத்தட்டின் உடல்வாகும் இங்கே கொஞ்சம் முக்கியம். எல்பியின் ஒரு பக்கத்தில் 22 நிமிடம் வரை நிம்மதியாக வெட்டலாம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும். பேஸ் ஒலிக்கோ அகலமான பள்ளம் வேண்டும். எனவே பேஸ் கனமான பாட்டை நீட்டினால் சத்தம் குறையும், அடி மெலியும். நடன மேடைக்காக 1976இல் 12 அங்குல சிங்கிள், எல்பி அளவில் ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட தட்டு, கடைக்கு வந்தது இந்தத் தொல்லையால்தான். அதே ஆண்டு ஸ்டீவி வண்டரின் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' இரண்டு எல்பி நிறைந்தும் அடங்காமல், நான்கு பாட்டுகளை ஒரு சின்னத் தட்டில் தனியாக வைத்து உறைக்குள் போட வேண்டிவந்தது.

அப்படியானால் சுவர்? பெரும்பாலும் அது அமெரிக்க எஃப்எம் வானொலியின் வேலை. 1960களின் நடுவில் ஒழுங்குமுறை ஆணையம், பெரிய ஊர்களில் ஏஎம் நிகழ்ச்சியையே எஃப்எம்மிலும் முழுக்க ஒலிபரப்பக் கூடாது என்று விதி போட்டது. காலியான நேரத்தை நிரப்ப நிலையங்கள் இளைஞர்களை உட்காரவைத்தன. அவர்கள் இஷ்டத்துக்கு ஆல்பங்களைப் போட்டார்கள், ஹென்ட்ரிக்ஸுக்குப் பின்னால் ஸ்லை, ஸ்லைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும். எழுபதுகள் நடுவாக்கில் இதில் விளம்பரப் பணம் இருக்கிறது என்பது தெரிந்துபோனது. ஆலோசகர்கள் வந்தார்கள், கேட்பவரின் வயது, பழக்கம் என்று ஆராய்ச்சி வந்தது, பாட்டுப்பட்டியல் சுருங்கியது. ஆல்பம் ராக் நிலையங்கள் வெள்ளை இளைஞர்களைக் குறிவைத்தன. கறுப்பர்களின் பாட்டு அந்தப் பட்டியல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது, அது கிட்டார் பாட்டாக இருந்தாலும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு ராக் வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அடுத்த ஆட்டமே ரத்தானது. 'கிளாசிக் ராக்' என்ற பெயரை வானொலி நிலையங்கள் பிடித்துக்கொண்டது இன்னும் பிறகு, எண்பதுகளில். 1971இல் யாரும் கிளாசிக் ராக் பதிவுசெய்யவில்லை. நிலையங்கள் பின்னால் வந்து எதற்கு அந்த முத்திரை, எதற்குக் கிடையாது என்று முடிவுசெய்தன.

மாற்றம் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடை இருக்கிறது. 1972 கோடைச் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் பாடியவர் ஸ்டீவி வண்டர். கடைசியில் அவரும் அவர் குழுவும் மறுபடி மேடையேறி, ஸ்டீவியின் 'அப்டைட்'டையும் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷ'னையும் ஒன்றாகக் கோத்து எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் அதே ஸ்டோன்ஸுக்கு முன்னால் இளம் கறுப்பினக் கலைஞர் பிரின்ஸ் மேடையேறினார். ஸ்லையையும் ஹென்ட்ரிக்ஸையும் ஒரே மூச்சில் உள்வாங்கியவர், கிட்டாரில் யாருக்கும் சளைத்தவரல்ல. கூட்டம் கூச்சல் போட்டு, கையில் கிடைத்ததை வீசி விரட்டியது. நடுவில் கழிந்தது ஒன்பதே ஆண்டுகள்.

சுவரைப் பொருட்படுத்தாதவர்கள் ஹிப்ஹாப் பையன்கள். பழைய தட்டுப்பெட்டிகளைக் கிளறியவர்களுக்கு வேண்டியது நல்ல டிரம்ஸ் இரண்டு வரி, அலமாரிப் பெயர் அல்ல. ஹெட்லி கிரேஞ்ச் மாடிப்படிக் கூடத்தில் பான்ஹம் அடித்தது 1986இல் பீஸ்டி பாய்ஸ் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அடித்தளமானது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்குள் போனது. பாட்டின் உரிமை பிரவுன் பெயரில் இருந்ததால் அதில் வந்த ராயல்டியில் ஸ்டப்பிள்ஃபீல்டுக்குப் பங்கில்லை. 2000 வாக்கில் அவர் புற்றுநோயோடு போராடியபோது மருத்துவமனைச் செலவு ஏறத்தாழ 90,000 டாலர் ஆனது. அந்தக் கடனைத் தன் பெயரை வெளியே சொல்லாமல் அடைத்தவர் பிரின்ஸ். விஷயம் வெளியே வந்ததே 2016இல் பிரின்ஸ் இறந்த பிறகுதான்.